மராமத்திலிருந்து பணிக்கு: சாலைக்குழி அடைப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தார்ச்சாலையில் தோன்றும் விரிசலையும் குழியையும் செப்பனிடும் முறை பெரும்பாலும் பொறியியல் பொருளாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை உழைப்பு அமைப்பின் வரலாறாகக் காண்கிறது. கப்பிச் சாலை தார்ச்சாலையாக மாறியபோது, நாள்தோறும் நிகழ்ந்த செப்பனிடல் பருவத்துக்கு ஒருமுறை நிகழும் ஒப்பந்த வேலையாக மாறியது. தாரின் இயல்பும் ஆட்சியின் வரவுசெலவுக் கணக்கும் இம்மாற்றத்திற்கு ஒருசேரக் காரணமாயின. பிரான்சின் சாலைக் காவலர் முறை, சென்னை மாகாணக் கப்பிச் சாலைப் பராமரிப்பு, தமிழ்நாட்டுச் சாலைப் பணியாளரின் பணிநீக்கம் ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மராமத்து, கப்பிச் சாலை, தார்ச்சாலை, சாலைப் பணியாளர், பராமரிப்பு ஒப்பந்தம், சாலைக்குழி

சொல் தரும் சான்று

சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறைக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் மராமத்து இலாகா என்பதாகும். மராமத்து என்னும் சொல் அரபு மூலத்திலிருந்து பாரசீக, இந்துஸ்தானி ஆட்சிமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. பழுது நீக்குதல், செப்பனிடுதல் என்பதே அதன் பொருள். ஏரி, கண்மாய், வாய்க்கால் ஆகியவற்றை ஊரார் தம் உழைப்பால் காத்துவந்த முறை குடிமராமத்து எனப்பட்டது. புதிதாகக் கட்டுதலைக் குறிக்கும் சொல் ஒன்றைக் கொள்ளாமல், பழுது நீக்குதலைக் குறிக்கும் சொல்லால் ஓர் அரசுத்துறை அழைக்கப்பட்டது கருதத்தக்கது. கும்பினி ஆட்சி ஏற்றுக்கொண்ட பொறுப்பின் பெரும்பகுதி, முன்னரே இருந்த நீர்நிலைகளையும் கரைகளையும் அழியாமல் காப்பதாகவே இருந்தது. பின்னர்ப் பொதுப்பணித்துறை என்னும் பெயர் ஆட்சிவழக்கில் நிலைபெற்றது. மராமத்து என்னும் சொல் ஓடு மாற்றுதல், சுவர் பூசுதல் முதலிய வீட்டு வேலைகளைக் குறிக்கும் அளவிற்குச் சுருங்கியது. 2017ஆம் ஆண்டு குடிமராமத்து என்னும் பெயரைத் தமிழக அரசு ஒரு திட்டத்திற்கு மீண்டும் சூட்டியபோதும், அது நீர்நிலைகளுக்கே உரியதாக அமைந்தது. சாலைக்கு அச்சொல் திரும்பவில்லை.

பெயர் மாறியதால் செயல் மாறியது என்று கூறுதல் மிகையாகும். எனினும் ஒரு துறை தன்னைப் பழுது நீக்குவதாகக் கருதுவதற்கும் பணிகளை நிறைவேற்றுவதாகக் கருதுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. பணிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் திறப்புவிழாவும் உண்டு. பழுது நீக்குதலுக்கு முடிவு இல்லை. சாலைக்குழியின் வரலாறு இவ்விரு கருத்துகளுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியின் வரலாறாகும்.

தடிமனும் கவனமும்

தொடர்ந்த பராமரிப்பு என்னும் கருத்து தாருக்கு முற்பட்டது. பழைய பிரான்சில் நெடுஞ்சாலைகள் கோர்வே எனப்பட்ட ஊதியமில்லாக் கட்டாய உழைப்பால் செப்பனிடப்பட்டன. உழவர்கள் ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில், பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், சாலைக்கு அழைக்கப்பட்டனர். இரு அழைப்புகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சாலையைக் கேட்பார் இல்லை. லிமோழ் மாவட்டத்தில் 1761 முதல் 1774 வரை ஆட்சியராக இருந்த துர்கோ, இக்கட்டாய உழைப்பைப் பணவரியாக மாற்றினார். அங்கு 1764இல் பொறியாளராகப் பொறுப்பேற்ற பியேர் திரெசாகே, 1775இல் எழுதிய அறிக்கையில் ஒரு நுட்பமான உண்மையை எடுத்துரைத்தார். அக்காலச் சாலைகளின் கல்தளம் ஏறத்தாழ 18 அங்குலத் தடிமன் கொண்டிருந்தது. வண்டிகளின் எடை அத்தடிமனைக் கேட்கவில்லை. ஆறு மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் சாலை முற்றும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு கல் கொட்டப்பட்டது. நாள்தோறும் கவனிக்க ஆள் இருந்தால் 10 அங்குலமே போதும் என்று அவர் காட்டினார்.

சாலை வரலாற்று நூல்கள் திரெசாகேயைக் கல்தளத்தின் புதிய அமைப்பிற்காகப் போற்றுகின்றன. அவருடைய அறிக்கையின் உயிர்நிலை தடிமன் பற்றிய இவ்வாதமே எனலாம். சாலையின் தடிமன் கவனமின்மைக்குக் கொடுக்கப்படும் விலை என்பதை அவர் கணக்காக்கினார். பின்னர் வந்த நூற்றாண்டுகளில் இக்கணக்கு பலமுறை மறக்கப்பட்டது.

1811 டிசம்பர் 16ஆம் நாள் நெப்போலியன் பிறப்பித்த ஆணை, காந்தோனியே எனப்படும் சாலைக் காவலர் முறைக்கு நாடு தழுவிய வடிவம் தந்தது. ஒவ்வொரு காவலருக்கும் சாலையின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. தம் பகுதியின் எண் பொறித்த கம்பத்தைத் தாம் வேலை செய்யும் இடத்தருகே அவர் நட்டுவைக்க வேண்டும். கண்காணிப்பாளர் அக்கம்பத்தைக் கொண்டு ஆளைக் கண்டறிவார். மழையும் பனியும் பெய்யும் நாள்களில் சாலையை விட்டு நீங்கலாகாது. அந்நாள்களில்தான் நீர் எங்கே தேங்குகிறது என்பது தெரியும். இவ்விதியை வகுத்தவர்கள் சாலையை நன்கு அறிந்திருந்தனர்.

அக்காவலர்கள் செய்த வேலைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் தையல் தொழிலிலிருந்து ஒரு பெயரை எடுத்தனர். கிழிசல் பெரிதாகுமுன் இடப்படும் ஒரு தையல் என்று அதற்குப் பொருள். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரிக்கு விடலாகாது என்னும் தமிழ் வழக்கு அதற்கு அணுக்கமானது. சாலை முழுவதற்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல் பரப்பி உருளையால் அழுத்துவது நன்றா, அல்லது தேய்ந்த இடத்தில் மட்டும் அவ்வப்போது கல் இடுவது நன்றா என்னும் விவாதம் 19ஆம் நூற்றாண்டு முழுதும் அங்கு நீடித்தது. பொருளியலில் தம் பெயரை நிலைநாட்டிய பொறியாளர் ழூல் துய்புயி, 1842இல் சாலைப் பராமரிப்புச் செலவு குறித்து எழுதுகையில், அரசின் செலவை மட்டும் பார்ப்பது தவறு என்றும், கெட்ட சாலையில் வண்டியோட்டுபவருக்கு நேரும் இழப்பையும் அதனுடன் கூட்டியே முடிவெடுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். அரசு சேமிக்கும் ஒரு பிராங்கு வழிப்போக்கரின் பையிலிருந்து எடுக்கப்படுவதாக இருக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

கப்பியும் மழையும்

கட்டாய உழைப்பு காலனிய ஆட்சியிலும் தொடர்ந்தது. இலங்கையில் 1848ஆம் ஆண்டின் சாலைச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் சாலையில் உழைக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு கண்டிப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் நீர்நிலைகளைச் சார்ந்தது. சாலைகளைப் பொறுத்தவரை, 1866இலும் 1871இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வழியே நிலத்தின்மீது விதிக்கப்பட்ட சாலை வரி கூலியாள்களுக்கு வழிசெய்தது. ஆகவே சென்னை மாகாணத்துச் சாலை, வரிப்பணத்தில் கூலி பெறும் மேஸ்திரியையும் அவர்கீழ் வேலை செய்த கூட்டத்தையும் நம்பி நின்றது.

அச்சாலைகளின் செப்பனிடல் முறை இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக் கூடியது. உடைத்த கல் சாலையோரத்தில் அளவிட்ட குவியல்களாக அடுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் குவியலை அளந்தே பணம் தந்தார். சாலையில் குழி விழுந்த இடத்தைக் கொத்திக் கிளறி, சிறு கல்லை நிரப்பி, மண்ணோ சரளையோ தூவி, நீர் ஊற்றி இடிப்பதே வேலை. கல்லின் துகளும் நீரும் சேர்ந்து பிணைப்பாகும். எனவே நீர் இன்றியமையாதது. வேனிலில் குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவும் மாவட்டங்களில் சாலைக்கு நீர் இறைப்பது இயலாத செயல். கல் பரப்பி இறுக்கும் வேலை மழைக்காலத்திற்கென்றே ஒதுக்கப்பட்டதன் காரணம் இதுவே. மழை குழியைத் தோண்டியது. அதே மழை குழியை அடைக்கும் கருவியாகவும் இருந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையும் கொண்ட இருவர், கூடை நிறையக் கல்லுடன், ஒரு குழியைத் தோன்றிய நாளிலேயே அடைக்க முடிந்தது. சூடாக்க வேண்டியது எதுவும் இல்லை. வரவழைக்க வேண்டிய எந்திரமும் இல்லை.

அச்சாலைகள் நல்லவையாக இருந்தன என்பது இதன் பொருளன்று. புழுதியும் சேறும் அவற்றின் இயல்பு. வரிப்பணம் போதாத ஆண்டுகளில் கல் வராமலே போயிற்று. கூலி மிகக் குறைவு. இங்கு வலியுறுத்தப்படுவது ஒன்றே. குழி சிறிதாக இருக்கும்போது அதனைச் சிறிய செலவில் அடைக்க அப்பொருள் இடம் தந்தது.

தார்: தலைகீழான பருவம்

தார் சாலைக்கு வந்தது வலிமைக்காக அன்று, புழுதிக்காக. மோட்டார் வண்டியின் ரப்பர்ச் சக்கரம் கப்பிச் சாலையின் துகளை உறிஞ்சி எழுப்பியது. துகள் போனால் பிணைப்பும் போயிற்று. 1902இல் மொனாக்கோவில் சுவிட்சர்லாந்து மருத்துவர் குலியெல்மினெத்தி, நகரத்தாரின் புழுதித் தொல்லையைப் போக்கச் சாலையில் தார் பூசிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் மாவட்டச் சாலை அதிகாரி ஹூலி, கசடுக்கல்லையும் தாரையும் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் பாரிசில் கூடிய முதல் பன்னாட்டுச் சாலை மாநாட்டின் முதன்மைக் கவலையும் மோட்டார் வண்டிக்கேற்பச் சாலையை எவ்வாறு மாற்றுவது என்பதே.

இந்தியாவில் ஜெயகர் குழு 1928இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1929இல், பெட்ரோல் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்து மத்தியச் சாலை நிதி உருவாக்கப்பட்டது. 1934இல் இந்தியச் சாலைகள் பேரவை தோன்றியது. 1943இன் நாகபுரித் திட்டம் நாட்டின் சாலைகளை வகைப்படுத்தி நீளத்திற்கு இலக்கு வகுத்தது. இவற்றின் விவரம் வேறு நூல்களில் விரிவாகக் கிடைப்பதால் இங்கு விரிக்கப்படவில்லை.

இக்கட்டுரைக்கு வேண்டியது தார் கொணர்ந்த காலமாற்றம். நிலக்கீல் கலந்த சூடான கலவை, ஏறத்தாழ 150 முதல் 165 பாகை செல்சியசு வெப்பத்தில் ஆலையில் தயாராகிறது. ஆறிவிட்டால் அது இறுகாது. ஈரமான பரப்பில் ஒட்டாது. எனவே மழைநாளில் தார் போடலாகாது என்பது அடிப்படை விதியாயிற்று. கப்பிச் சாலையின் நாள்காட்டி தலைகீழாகக் கவிழ்ந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில்தான் தமிழ்நாட்டுச் சாலைகளில் குழிகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. அம்மாதங்களில்தான் முறையான செப்பனிடல் நிகழ இயலாது. முன்பு செப்பனிடலுக்குரிய பருவமாக இருந்தது, இப்போது காத்திருப்பின் பருவமாயிற்று.

மற்றொரு மாற்றம் அளவைச் சார்ந்தது. ஒரு குழிக்கு வேண்டிய கலவை சில கூடைகளே. அதற்காக ஆலையை இயக்கவோ, சரக்குந்தையும் உருளையையும் அனுப்பவோ எவரும் முன்வாரார். ஒரு சரக்குந்துக்குத் தேவையான குழிகள் சேரும்வரை, அல்லது ஒரு ஒப்பந்தப்புள்ளிக்குத் தேவையான கிலோமீட்டர்கள் சேரும்வரை, முதலில் தோன்றிய குழி காத்திருக்கிறது. அக்காலத்தில் அது ஆழமாகிறது. எந்த அலுவலரின் சோம்பலும் இதற்குத் தேவையில்லை. பொருளின் இயல்பே இதற்குப் போதுமானது. மழையிலும் பயன்படும் ஆயத்தக் கலவைக்கு இந்தியச் சாலைகள் பேரவை 2014இல் தனி விதிநூல் வெளியிட்டது, இவ்விடைவெளி உணரப்பட்டதைக் காட்டுகிறது.

விரிசலிலிருந்து குழிக்கு

குழி திடீரெனத் தோன்றுவதன்று. சக்கரம் கடக்கும் ஒவ்வொரு முறையும் தார்த்தளம் சிறிது வளைந்து நிமிர்கிறது. அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. பல இலட்சம் முறை இழுபட்டபின் அடியில் விரிசல் தோன்றி மேலேறுகிறது. விரிசல்கள் ஒன்றோடொன்று பின்னி முதலையின் தோல்போல் ஆகின்றன. அதன்வழி நீர் இறங்குகிறது. நீர் இறங்கிய சாலையில் சக்கரம் அழுத்தும்போது, நீர் பிதுங்கிக் கல்லிலிருந்து தாரைப் பிரிக்கிறது. அடித்தள மண்ணைக் கரைக்கிறது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் மண்ணில் இது கடுமையாகிறது. நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் அம்மண், மேலிருந்து சக்கரமும் கீழிருந்து நிலமும் தார்த்தளத்தை முறிக்கும் நிலையை உண்டாக்குகிறது. முதலைத்தோலின் ஒரு துண்டு பெயர்ந்து வெளியேறிய நாளில்தான் அதற்குக் குழி என்று பெயர் வருகிறது. அதற்குமுன் பல மாதங்கள் அது விரிசலாக இருந்தது. விரிசலாக இருந்தபோது சூடான நிலக்கீலோ நிலக்கீல் பால்மமோ ஊற்றி அடைத்திருந்தால் போதும்.

இச்சேதம் யாரால் விளைகிறது என்பதை 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஒட்டாவா நகரருகே நடந்த சாலைச் சோதனை அளந்து காட்டியது. இதற்கெனவே அமைக்கப்பட்ட சாலைகளில் எடையேற்றிய சரக்குந்துகள் இரண்டாண்டுகள் ஓட்டப்பட்டன. அச்சின் எடை இருமடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்னும் நான்காம் அடுக்கு விதி அதிலிருந்து பிறந்தது. 10 டன் அச்சு, 1 டன் அச்சைவிட 10,000 மடங்கு சேதம் விளைக்கும். 2018 ஜூலையில் இந்திய அரசு சரக்குந்தின் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்கான எடைவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. இவ்விதியின்படி கணக்கிட்டால், வரம்பின் உச்சத்தில் ஓடும் ஓர் அச்சின் சேதம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுகிறது. சாலையை உடைப்பது சரக்குந்து. குழியில் விழுபவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் செல்பவர். அவருடைய வண்டி சாலைக்குச் செய்யும் சேதம் கணக்கில் எடுக்கத் தகாத அளவு சிறிது. துய்புயி கூட்டச் சொன்ன இழப்பின் பெரும்பகுதி இவர்மீதே விழுகிறது.

அடைத்த குழி ஏன் மீண்டும் பெயர்கிறது என்னும் வினாவுக்குப் பாடநூல்கள் தரும் விடை தெளிவானது. குழியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, நீரையும் தளர்ந்த கல்லையும் அகற்றி, நிலக்கீல் பூசி, கலவையை நிரப்பி இறுக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒட்டு நிற்காது. ஆனால் அமெரிக்கச் சாலை ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாக 1991இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலுமாக எட்டு இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுகளைக் கொண்டு நடந்த ஆய்வு, வேறொரு முடிவையும் முன்வைத்தது. தரமான கலவை கிடைத்தால், அதைக் குழியில் கொட்டிச் சரக்குந்தின் சக்கரத்தாலேயே அழுத்திச் செல்லும் விரைவான முறை, ஓரம் வெட்டிச் செய்யும் முறைக்கு நிகராக உழைத்தது. தமிழ்நாட்டில் இதனை அப்படியே பொருத்துதல் ஆகாது. குளிர்நாட்டு ஆய்வு அது. எனினும் கலவையின் தரமும் குழியை அடையும் விரைவும் சடங்கொழுங்கைவிட முதன்மையானவை என்னும் உண்மை, குறைந்த செலவில் அடிக்கடி செய்தலை ஆதரிக்கிறது. திரெசாகேயின் வாதத்தை அது இருநூறு ஆண்டுகளுக்குப்பின் வேறு வழியாக வந்தடைந்தது எனலாம்.

அடிக்கடி செய்யாத இடத்தில் மேலடுக்கு வருகிறது. குழிகள் பெருகிய சாலைமீது புதிய தார்த்தளம் போர்த்துவது கணக்கிற்கு எளிது. படிப்படியாகச் சாலை உயர்ந்து, தெருவோர வீடுகள் தாழ்ந்து, மழைநீர் வாசற்படி தாண்டுகிறது. சென்னையில் இது பெருந்தொல்லையானதன் விளைவாக, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் இட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். கவனமின்மைக்குத் தடிமனை விலையாகக் கொடுக்கும் பழைய பிரெஞ்சு வழக்கம் இங்கு வீட்டுக்குள் நீராக வந்து நிற்கிறது. நெகிழிக் கழிவைத் தாருடன் சேர்க்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கியதும் இச்சூழலில் வைத்துப் பார்க்கத்தக்கது. அம்முறையின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது குறித்த பொதுப்பேச்சில், பழுதே ஆகாத சாலை ஒன்று கிடைத்துவிட்டால் ஆள் வேண்டியதில்லை என்னும் எதிர்பார்ப்பு மறைந்திருக்கிறது.

சாலைப் பணியாளர்

தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றில் இவ்விழுபறி வெளிப்படையாக நிகழ்ந்த இடம் நெடுஞ்சாலைத்துறையின் சாலைப் பணியாளர் வரலாறாகும். 1997இல் ஏறத்தாழ 10,000 பேர் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். ஒதுக்கப்பட்ட தொலைவில் குழி அடைத்தல், சாலையோர மண்ணைச் சீராக்கி நீர் வடியச் செய்தல், சிறுபாலங்களின் அடைப்பை நீக்குதல், முட்புதர் வெட்டுதல் ஆகியவை அவர்கள் வேலை. இவற்றுள் குழி அடைத்தல் மட்டுமே கண்ணுக்குத் தெரிவது. மற்றவை குழி தோன்றாமல் தடுப்பவை. ஓர மண் உயர்ந்திருந்தால் நீர் தார்ப்பரப்பில் தேங்கும். தேங்கிய நீர் விரிசலில் இறங்கும். ஆகவே மண்வெட்டியால் ஓர மண்ணைச் சீவும் பணியாளரே குழியின் முதல் தடை.

2002 செப்டம்பரில் அரசு அவர்களை ஒருசேரப் பணிநீக்கம் செய்தது. நீண்ட போராட்டத்திற்கும் வழக்குகளுக்கும் பின் 2006இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்னும் கோரிக்கை அதன்பின் அவர்கள் சங்கங்களின் நிலையான முழக்கமாயிற்று. இந்நிகழ்வு தொழிலாளர் வரலாற்றிலும் கட்சி அரசியல் வரலாற்றிலும் பேசப்பட்டுள்ளது. சாலையின் வரலாற்றில் அதன் இடம் இன்னும் பேசப்படவில்லை. பணிநீக்கத்தை எளிதாக்கியது, அவர்களுடைய வேலையின் பயனை எந்தக் கணக்கேடும் காட்டவில்லை என்பதாகும். புதிய சாலை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கேடு காட்டும். தோன்றாமற்போன குழிகளின் எண்ணிக்கையை அதில் எழுத இடமில்லை. ஆனால் அவர்கள் ஊதியம் மட்டும் ஆண்டுதோறும் செலவுத் தலைப்பில் தவறாமல் தெரியும்.

உலக வங்கியின் 1994ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை இக்கணக்கின் மறுபக்கத்தைக் காட்டியது. முந்தைய பத்தாண்டில் ஆப்பிரிக்க நாடுகள் 1,200 கோடி டாலரைக் காலத்தே பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலர் மறுகட்டமைப்புச் செலவு மிஞ்சியிருக்கும் என்று அது கணித்தது. ஆனால் அக்காலத்துப் பன்னாட்டுப் பரிந்துரைகள் நிலையான பணியாளரை நாடவில்லை, ஒப்பந்தத்தையே நாடின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1988இல் தன் நெடுஞ்சாலைப் பராமரிப்பு முழுவதையும் தனியாரிடம் அளித்தது. 1990களில் அர்ஜென்டினா, கிலோமீட்டருக்கு மாதம் இவ்வளவு என்னும் ஒப்பந்தத்தைக் கைக்கொண்டது. இதில் ஒப்பந்ததாரர் குழியை அடைத்ததற்காகப் பணம் பெறுவதில்லை. குழியில்லாத சாலைக்காகப் பெறுகிறார். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிப் பிற கோட்டங்களுக்குப் பரவிய செயல்திறன் அடிப்படையிலான ஐந்தாண்டு ஒப்பந்தம் இவ்வகையைச் சேர்ந்தது. ஒப்பந்தம் என்பதாலேயே இதனைத் தள்ளுதல் பொருந்தாது. சதுரமீட்டர்க் கணக்கில் ஒட்டுக்குப் பணம் தரும் பழைய முறையைவிட இது திரெசாகேயின் கருத்துக்கு அணுக்கமானது. ஆனால் தொடர்ந்து பார்க்கும் கண் இங்கும் எவருடையதோ ஆக இருக்க வேண்டும். அக்கண்ணுக்குரியவர் நிலையான ஊதியமும் பணிப்பாதுகாப்பும் அற்ற தினக்கூலியாக மாறுவதே இம்முறையில் நிகழும் மாற்றம்.

பார்த்தவர் யார்

குழியைக் காணும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமும் எதிர்கொண்டது. இங்கிலாந்தில் பழைய மரபுப்படி, சாலையைக் கெடுத்தால் சாலை அமைப்பு பொறுப்பேற்கும்; செப்பனிடாமல் விட்டால் ஏற்காது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விலக்கை நீக்கியது. அதன்பின், முறையாக ஆய்வு செய்தோம் என்று காட்டுவதே அமைப்புகளின் தற்காப்பாயிற்று. சாலையில் நடந்து பார்த்தல் மீண்டும் மதிப்புப் பெற்றது. ஆனால் சாலைக்காக அன்று, நீதிமன்ற ஏட்டுக்காக. நியூயார்க் நகரம் 1979இல் எதிர்த்திசையில் சென்றது. குறைபாடு குறித்து முன்னரே எழுத்துமூலம் அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய நகரம் பொறுப்பாகாது என்று விதித்தது. அதன்பின் வழக்கறிஞர்கள் ஓர் அமைப்பை நிறுவி, ஆள்களைத் தெருத்தெருவாக அனுப்பி, குழிகளையும் நடைபாதை விரிசல்களையும் வரைபடத்தில் குறித்து நகராட்சிக்கு அனுப்பலாயினர். நகரம் செய்யாத ஆய்வை நகரத்தின்மீது வழக்குத் தொடுப்போர் செய்தனர்.

இந்தியாவில் 2015இல் பம்பாய் உயர்நீதிமன்றம், நல்ல நிலையிலுள்ள சாலைக்கான உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்று கூறியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2013 முதல் 2017 வரை சாலைக்குழிகளால் 14,926 பேர் இறந்ததை உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் கண்டித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு, பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறும் அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்தது. இறப்பு நிகழ்ந்தபின் பொறுப்பைத் தேடும் முறைகள் இவை.

2023இல் தமிழ்நாடு நெடுஞ்சாலைத்துறை ‘நம்ம சாலை’ என்னும் செயலியை வெளியிட்டது. வழிச்செல்வோர் குழியைப் படமெடுத்துப் பதிவேற்றினால், மாநில நெடுஞ்சாலையாயின் 24 மணிநேரத்திலும் பிற மாவட்டச் சாலைகளாயின் 72 மணிநேரத்திலும் அது அடைக்கப்படும் என்பது அறிவிப்பு. கப்பிக் காலத்துக்குப்பின் குழி அடைப்புக்கு நாள்கணக்கில் கெடு குறித்த முயற்சி என்னும் வகையில் இது பொருட்படுத்தத்தக்கது. செயலிக்குப் படம் அனுப்புபவர் குழியை அதன்மீது வண்டி இறங்கிய பின்னரே காண்கிறார். ஓடும் வண்டியிலிருந்து சில மில்லிமீட்டர் விரிசல் தெரிவதில்லை. ஓர மண்ணின் உயரமும் சிறுபாலத்தின் அடைப்பும் எவரும் படமெடுக்கும் காட்சிகள் அல்ல. 24 மணிநேரம் என்னும் கணக்கு படம் பதிவேறிய நொடியில் தொடங்குகிறது. விரிசல் தோன்றிய நாள் அக்கணக்கில் இல்லை.